கடப்பு வீசா: ‘ட்ரான்சிற்’ என்ற சொல்லைப் பற்றி

ஒரு நாட்டுக்குள் போகாமல், அந்த நாட்டின் விமான நிலையத்தில் விமானம் மாறிப் போவதற்கு மட்டும் அந்த நாடு தரும் அனுமதிதான் ட்ரான்சிற் வீசா. இப்படிச் சொன்னதும் யாழ்ப்பாணத்தில் அடுத்த கேள்வி வரும்: “வெளியில இறங்கவே போறேல்லை, பிறகென்னத்துக்கு வீசா?” நியாயமான கேள்விதான். பதிலில் கொஞ்சம் இலத்தீனும், அதைவிடக் கூடுதலாக எங்கள் ஊர் வரலாறும் இருக்கின்றன. இரட்டைப் பிரசாவுரிமைக்காரரில், அதாவது இரண்டு நாட்டுக் குடியுரிமை உள்ளவர்களில், இரண்டாவது கடவுச்சீட்டு கைக்கு வந்து சேராமல் காத்திருப்பவர்கள் இந்தப் பதிலைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தெரியாமல் டிக்கெட் போட்டால் காசு போகும்.

முதலில் வீசா. இலத்தீனில் ‘கார்ட்டா வீசா’ என்றால் ‘பார்க்கப்பட்ட தாள்’. பார்த்தல் என்ற வினையிலிருந்து பிறந்த சொல் பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து உலகமெங்கும் பரவியது. அதிகாரி ஒருவர் பயணத் தாளைப் பார்த்தார், பார்த்ததற்கு அடையாளமாக ஒரு குறிப்பு எழுதினார் அல்லது முத்திரை குத்தினார். ஆதிப் பொருள் அவ்வளவுதான். பார்க்கப்பட்டது ஆள் அல்ல, தாள். இதை நினைவில் வைத்துக்கொண்டால் இரட்டைப் பிரசாவுரிமைக்காரரின் சிக்கல் பாதி விளங்கிவிடும்.

இலங்கையில் ‘வீசா’ என்று நெடிலாக எழுதுகிறோம், தமிழ்நாட்டில் ‘விசா’. தனித்தமிழில் ‘நுழைவிசைவு’ என்று ஒரு சொல் உண்டு, அழகான சொல். ஆனால் ட்ரான்சிற் வீசாவுக்கு அது கைகொடுக்காது. நுழையாமலே போகிறவருக்கு நுழைவிசைவு எப்படிக் கொடுப்பது?

ட்ரான்சிற் என்பதும் இலத்தீன்தான். ‘ட்ரான்ஸ்’ என்றால் குறுக்கே, அப்பால். ‘ஈரே’ என்றால் போதல். சேர்த்தால் கடந்து போதல். தமிழில் இதற்கு வேர் தேடி அலையத் தேவையில்லை. ‘கட’ என்ற வினை கையிலேயே இருக்கிறது. பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை என்று தெருவில் நாளும் வாசிக்கிறோம். கடவுச்சீட்டும் அதே வேரில் முளைத்ததுதான். இன்னும் பழைய வேர் ஒன்றும் உண்டு: ‘இற’. இன்றைக்கு அது சாவைக் குறித்தாலும் பழந்தமிழில் கடந்து போதல் என்ற பொருளும் அதற்கு இருந்தது. ஆனையிறவு என்ற பெயரில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. குடாநாட்டின் வாசலுக்கே ட்ரான்சிற் என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று சொன்னால் மிகையாகாது.

அப்படியிருக்க, ‘போக்குவரத்து விசா’ என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் பொதுப் போக்குவரத்துக்கும் ட்ரான்சிற் என்பார்கள் என்பதால் வந்த குழப்பம் இது. கடப்பதற்கும் பஸ் ஓடுவதற்கும் வித்தியாசம் தெரியாத மொழிபெயர்ப்பு. வாசித்தால் சாரதிக்குக் கொடுக்கிற அனுமதி மாதிரி இருக்கும். இதை விட்டுவிடலாம்.

‘இடைத்தங்கல் வீசா’ என்பது அதைவிட நல்லது, ஆனால் முழுதாகப் பொருந்தாது. இடைத்தங்கல் என்றதும் எங்களுக்கு நினைவு வருவது முகாம். இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த இடைத்தங்கல் முகாம்களில் ‘இடை’ என்பது எத்தனை மாதமாக நீண்டது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். சொல்லின் பாரத்தை விட்டாலும் இலக்கணக் குறை ஒன்று இருக்கிறது. ட்ரான்சிற்றில் இரண்டு வகை உண்டு. குடிவரவுப் பகுதியைத் தாண்டாமல், விமான நிலையத்தின் சர்வதேசப் பகுதிக்குள்ளேயே நின்று அடுத்த விமானம் ஏறுவது ஒன்று. குடிவரவைத் தாண்டி வெளியே வந்து, பெட்டி எடுத்து, ஒருவேளை ஹோட்டலில் ஓர் இரவு படுத்து, மறுநாள் போவது மற்றது. இரண்டாவதுக்குத்தான் தங்கல் பொருந்தும். என் எண்ணத்தில் பொதுச்சொல்லாகக் ‘கடப்பு வீசா’ என்று வைத்து, வெளியே வந்து தங்குவதற்கு மட்டும் ‘இடைத்தங்கல்’ என்றால் போதும். விமான நிலையத்துக்குள்ளேயே கடப்பதை ‘விமான நிலையக் கடப்பு வீசா’ என்று சொல்லலாம். நீளம்தான், ஆனால் பிழை இல்லை.

இனி, வெளியே வராதவருக்கும் ஏன் வீசா என்ற கேள்வி. பெரும்பாலான நாட்டவருக்குத் தேவையில்லை. எங்களுக்குத் தேவைப்படுகிறது, அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1983க்குப் பிறகு தமிழர்கள் அகதிகளாக ஐரோப்பா போகத் தொடங்கினார்கள். 1985 மே மாதம் பிரித்தானியா இலங்கையருக்கு வீசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றுக்கு அந்த நாடு அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் வந்திறங்கிய தமிழர்களைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, அவர்கள் விமானத்தடியில் உடுப்பைக் களைந்து எதிர்ப்புக் காட்டினார்கள். அந்தப் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. அதே ஆண்டிலேயே சட்டம் வந்தது: உரிய தாள் இல்லாத பயணியைக் கொண்டுவரும் விமான நிறுவனத்துக்கு ஆளொன்றுக்கு 1000 பவுண் தண்டம்.

அந்தத் தண்டம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. அதுவரை வீசா பார்ப்பது குடிவரவு அதிகாரியின் வேலை. அதன் பிறகு புறப்படும் ஊரில் செக்-இன் மேசையில் நிற்கும் பிள்ளையின் வேலையாகவும் அது ஆனது. உங்களை ஏற்றலாமா என்று அவர் கணினியில் தட்டிப் பார்க்கும் தரவுத்தளத்துக்கு ‘டிமாட்டிக்’ என்று பெயர். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் நடத்துவது. அவர் அதில் கொடுப்பது நீங்கள் காட்டும் கடவுச்சீட்டின் நாட்டை. உங்கள் கதையைக் கொடுப்பதற்கு அதில் இடமில்லை.

ஐரோப்பியக் கண்டத்திலும் இதுவே நடந்தது. எங்கோ போவதாக டிக்கெட் எடுத்து, இடையில் மாறும் விமான நிலையத்தில் அகதி அந்தஸ்துக் கேட்பதைத் தடுக்கவே விமான நிலையக் கடப்பு வீசா வந்தது. 1996இல் ஐரோப்பிய ஒன்றியம் பத்து நாடுகளுக்கு ஒரு பொதுப் பட்டியல் போட்டது. அதில் இலங்கை இருந்தது. 2009 மே மாதம் போர் முடிந்தது. அதே ஆண்டு ஜூலையில், தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனின் வீசாச் சட்டக்கோவை வந்தது. அதன் பட்டியலில் பன்னிரண்டு நாடுகள், அதிலும் இலங்கை. அதனால்தான் இலங்கைக் கடவுச்சீட்டோடு பிராங்பேர்ட்டிலோ பாரிசிலோ விமானம் மாறுவதென்றால், கதிரையை விட்டு எழும்பாவிட்டாலும் ‘ஏ’ வகை வீசா, அதாவது விமான நிலையக் கடப்பு வீசா வேண்டும். போர்க்காலத்தில் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரர்கள் ஊருக்குள் பரப்பிய ‘ட்ரான்சிற்றில நிக்கிறார்’ என்ற வாசகத்துக்கு, ஏதோ ஒரு நாட்டில் மாதக்கணக்காக மாட்டுப்பட்டிருக்கிறார் என்று பொருள். சட்டக்கோவையின் பட்டியல் அந்தக் காலத்தின் எச்சம்.

விலக்குகள் உண்டு. கனடா, அமெரிக்கா, ஜப்பான் ஆகியவற்றின் செல்லுபடியான வீசாவோ, சட்டம் குறிப்பிடும் வதிவிட அட்டையோ இருந்தால் ஷெங்கன் விமான நிலையத்தில் மாற இந்த வீசா தேவையில்லை. கனடாவில் நிரந்தர வதிவிட அட்டையோடு இருக்கும் எங்கள் ஆட்கள் பயமில்லாமல் பிராங்பேர்ட்டால் வந்து போவது இதனால்தான். ஆனால் பாரிசில் இறங்கி இன்னொரு ஷெங்கன் நகரத்துக்கு விமானம் ஏறுவது விமான நிலையக் கடப்பில் சேராது. பாரிசிலேயே குடிவரவைத் தாண்டவேண்டும், ஆகவே முழு வீசா வேண்டும்.

சரி, இரட்டைப் பிரசாவுரிமைக்கு வருவோம். ‘பிரஜா’ வடமொழி. இலங்கை அரச ஆவணங்களில் ‘பிரசாவுரிமை’, தமிழ்நாட்டில் ‘குடியுரிமை’. ஊர்ப் பேச்சில் ‘டுவல்’. “அண்ணை டுவல் எடுத்திட்டார்” என்றால் கொழும்பிலிருந்து அதற்கான சான்றிதழ் வந்துவிட்டது என்று அர்த்தம். இந்தப் பேச்சு வழக்கு சட்டத்தோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டப்படி, வேறு நாட்டுப் பிரசையாக விரும்பிச் சேரும் இலங்கையர் இலங்கைப் பிரசாவுரிமையை இழக்கிறார். 1987இல் செய்த திருத்தம்தான் அதை வைத்திருக்கவோ திரும்பப் பெறவோ விண்ணப்பிக்கும் வழியைத் திறந்தது. ஆகவே வெளிநாட்டில் சத்தியப்பிரமாணம் எடுத்தவர் எல்லாரும் தானாக ‘டுவல்’ ஆகிவிடுவதில்லை.

இனி ரொறன்ரோவில் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பிரசாவுரிமைச் சத்தியம் எடுத்தாயிற்று. எடுத்த அன்றோடு நிரந்தர வதிவிட அட்டை செல்லாது. கனடாக் கடவுச்சீட்டு இன்னும் கிடைக்கவில்லை. கொக்குவிலில் அம்மாவுக்குச் சுகமில்லை என்று அழைப்பு வருகிறது. கையில் இருப்பது பழைய இலங்கைக் கடவுச்சீட்டு. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். ஐரோப்பா வழியாக வந்தால் அவர் ‘கனடாப் பிரசை’ என்று சொல்வதை நிரூபிக்கும் பயணத் தாள் எதுவும் இல்லை. விலக்குத் தந்த அட்டையும் போய்விட்டது. செக்-இன் மேசை அவரை வீசா இல்லாத இலங்கையராகவே பார்க்கும். பிரசாவுரிமைச் சான்றிதழ் சட்டப்படி பெரிய தாள்தான், ஆனால் அது பயண ஆவணம் அல்ல. அதோடு, சட்டத்தின்படி இலங்கைப் பிரசாவுரிமையே போய்விட்ட ஒருவர் இலங்கைக் கடவுச்சீட்டைப் பாவிக்கலாமா என்ற கேள்வியும் இருக்கிறது. அதை யாரும் மேசையில் கேட்காமல் விடலாம். அதற்காக அது இல்லையென்று ஆகாது.

டோகா, துபாய் வழியாக வந்தால் சர்வதேசப் பகுதியை விட்டு வெளியேறாதவருக்குக் கடப்பு வீசாத் தொல்லை இல்லை. வருவதற்கு அது வழி. திரும்பிப் போவதுதான் பொறி. 2016 நவம்பரிலிருந்து, இரட்டைப் பிரசாவுரிமை உள்ள கனடியர் கனடாவுக்கு விமானம் ஏறக் கனடாக் கடவுச்சீட்டுக் காட்டவேண்டும். அதில்லாதவர்களுக்கு ‘விசேட அனுமதி’ ஒன்று இருக்கிறது, ஆனால் வீசா விலக்குள்ள நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு மட்டும். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே புறப்படுமுன் அவசரச் சேவையில் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு வருவதே புத்தி. வந்து மாட்டுப்பட்டால் கொழும்பில் உள்ள கனடிய உயர்ஸ்தானிகராலயத்தைத்தான் நாடவேண்டும்.

லண்டன்காரருக்கு வேறொரு தாள் உண்டு: பிரித்தானிய அவசரப் பயண ஆவணம். குறித்த ஒரு பயணத்துக்கு மட்டும் தருவது, அதிகபட்சம் ஐந்து நாடுகள் வழியாகப் போகலாம், எந்த வழியால் என்பது அதிலேயே அச்சாகியிருக்கும். இடையில் மலிவான டிக்கெட் கண்டு வழியை மாற்ற முடியாது. இடை நாடு அந்த ஆவணத்தை ஏற்கிறதா என்றும் முன்கூட்டியே பார்க்கவேண்டும்.

மறுபக்கம், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு கையில் இருக்க, டுவல் சான்றிதழ் எடுத்து இலங்கைக் கடவுச்சீட்டுக்குக் காத்திருப்பவருக்குக் கடப்பில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. வலுவான தாள் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

பலாலியிலிருந்து போகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறந்து, இடையில் நின்று, 2022 டிசம்பரில் சென்னைச் சேவை மறுபடி தொடங்கிய பிறகு, “சென்னைக்குப் போய் அங்கேயிருந்து மாறலாம்” என்ற எண்ணம் பலருக்கு வந்திருக்கிறது. கொழும்புக்கு இரவிரவாகப் பஸ்ஸில் போவதைவிட அது சுகம்தான். ஆனால் பலாலி-சென்னை ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து அப்பால் வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாகப் போட்டால், பெட்டியை எடுத்துத் திரும்பக் கொடுக்கக் குடிவரவைத் தாண்டவேண்டி வரும். அப்போது அது விமான நிலையக் கடப்பு அல்ல, இந்தியாவுக்குள் நுழைவு, அதற்கு இந்திய வீசா வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டானாலும் கனடாக் கடவுச்சீட்டானாலும் இதில் வித்தியாசம் இல்லை. டிக்கெட் போடும் முகவரிடம் “ட்ரான்சிற் வீசா வேணுமோ” என்று மட்டும் கேட்காமல், “பெட்டி கடைசி இடம் வரைக்கும் போகுமோ, நான் இடையில எடுக்கவேணுமோ” என்றும் கேளுங்கள்.