கோடு போட்டால் ஒலி வரும்

ஒரு படத்தில் வசனமும் இல்லை, வாத்தியமும் இல்லை என்றால் காதில் விழுவது என்ன என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அனிமேஷன் இயக்குநர் நார்மன் மெக்லாரன் 1952-இல் கனடா தேசியத் திரைப்பட வாரியத்துக்காக எடுத்த 'நெய்பர்ஸ்' நல்ல உதாரணம். ஒரு பூவுக்காக அண்டைவீட்டார் இருவர் அடித்துக்கொள்ளும் எட்டு நிமிடப் படம். அதன் ஒலி, கோடு போட்ட அட்டைகளைப் பிலிமின் ஒலித்தடத்தில் படம்பிடித்துச் செய்தது.

பிலிம் ஓரத்தில், ஒலியைக் கறுப்பு வெள்ளைக் கோடுகளாகத் தாங்கும் பட்டைதான் ஒலித்தடம். ஒரு பக்கம் விளக்கும் மெல்லிய பிளவும், மறுபக்கம் ஒளியை மின்னோட்டமாக்கும் ஒளிமின்கலம். கறுப்பு கடந்தால் மின்னோட்டம் குறையும், வெளுப்பு கடந்தால் கூடும், ஸ்பீக்கர் அதிரும். மைக்கில் பதிந்த கோடா, கையால் போட்ட கோடா என்பது மின்கலத்துக்குத் தெரியாது.

35 மி.மீ. பிலிமில் பிரேம் உயரம் 19 மி.மீ.; விநாடிக்கு 24 பிரேம். 440 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 440 அதிர்வு, வேண்டுமானால் பிரேமுக்கு 18.33 கறுப்பு-வெள்ளை ஜோடி, ஜோடிக்குச் சுமார் 1 மி.மீ. ஸ்வரஸ்தானத்துக்கு ஓர் அட்டை வைத்துக்கொண்டால் போதும். கோட்டின் ஓரம் வெட்டினாற்போல் இருந்தால் ஒலி கரகரக்கும். மெல்ல வெளுத்தால் குழைவு வரும்.

வம்பு அந்த .33-இல் இருக்கிறது. அதே அட்டையை அடுத்தடுத்த பிரேம்களில் எடுத்தால் கோடுகள் எல்லையில் பொருந்தாது. விநாடிக்கு 24 முறை அலை அறுந்து, வண்டுபோல் ரீங்கரிக்கும். 432 ஹெர்ட்ஸ் என்றால் சரியாக 18 ஜோடி, ஒட்டே தெரியாது. இணையத்தில் நோய் தீர்ப்பதாகச் சொல்லப்படும் அதே 432-தான். 24-ஆல் மீதியின்றி வகுபடுவதைத் தவிர அதற்கு வேறு மகிமை எனக்குத் தெரிந்து கிடையாது.

10,000 ஹெர்ட்ஸில் ஜோடி 0.046 மி.மீ.தான். பிளவும் அதே அகலமானால் கறுப்பும் வெளுப்பும் எப்போதும் சம அளவில் தெரியும். ஒளி மாறாது, ஒலி செத்துவிடும். பிளவு விலகி ஓரத் துளைகளைத் தொட்டால் 96 ஹெர்ட்ஸ் உறுமல், ஏனென்றால் பிரேமுக்கு 4 துளை. எதிர்ப்பக்கம் விலகிப் படத்தைத் தொட்டால் பிரேம் இடைக்கோடு 24 ஹெர்ட்ஸில் தட்டும். உறுமலா தட்டலா என்று கேட்டே எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று ஆபரேட்டர் சொல்லிவிடலாம். பிலிம் ஒட்டிய இடத்தில் 'டப்' வந்தால், தடத்தின்மேல் கறுப்பு மையால் முக்கோணம். ஒளி சட்டென அறுபடாமல் மங்கித் திரும்பும்.

1971-இல் 'சின்க்ரமி' படத்தில் மெக்லாரன் அந்தக் கோடுகளுக்கே வண்ணம் கொடுத்துத் திரையிலும் காட்டினார். சுருதி ஏற ஏறக் கோடுகள் நெருங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் பிலிமில் ஒலித்தடமும் அதற்குரிய படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்காது. படத்தின் மேல் விளக்கு விழும் படவாயிலில் பிலிம் நின்று நின்று போகும். பிளவின் முன் நிற்காமல் ஓட வேண்டும். அதனால் பிளவு படவாயிலிலிருந்து தள்ளி இருக்கும்; ஒலித்தடமும் படத்துக்குச் சுமார் 20 பிரேம் முன்னால் அச்சாகிறது.