ரத்த எண்ணிக்கை சரியான பிறகும் மாத்திரை எதற்கு?

சிஎம்எல் எனப்படும் நாட்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கு மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வருபவர்களில் பலர், நாற்காலியில் உட்காரும் முன்பே பரிசோதனைத் தாளை மேசையில் விரித்து, வெள்ளையணு எண்ணிக்கை அச்சாகியிருக்கும் வரியில் விரலை வைப்பார்கள். முதல் நாள் ஒன்றரை லட்சமாக இருந்தது ஏழாயிரத்துக்கு இறங்கியிருக்கும். விலா எலும்புக்குக் கீழே கல் போலத் தட்டுப்பட்ட மண்ணீரலும் சுருங்கியிருக்கும். "எல்லாம் நார்மல்னு வந்துடுச்சே டாக்டர், மாத்திரையை நிறுத்திடலாமா?" என்ற கேள்வி உடனே வரும். கூடாது என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் காரணம் புரியாமல் போகிறவர் இரண்டொரு மாதத்தில் தாமாகவே நிறுத்திவிடுகிறார் என்பதால், ஏபிஎல்1 என்ற மரபணுவிலிருந்தே விளக்கத் தொடங்குவது என் வழக்கம்.

இந்த மரபணு நம் எல்லோரிடமும் 9ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அது உருவாக்கும் புரதம் டைரோசின் கைனேஸ் வகையைச் சேர்ந்த நொதி; ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி இன்னொரு புரதத்தில் பொருத்துவதும், அதன் வழியாக உயிரணுவைப் பெருகத் தூண்டும் செய்திகளைக் கடத்துவதும் அதன் வேலை. இயல்பான நிலையில் அது தன் முனைப்பகுதியைத் தன் மேலேயே மடக்கி வைத்துப் பெரும்பாலான நேரம் அடங்கியே இருக்கும். எலும்பு மஜ்ஜையின் ஒரே ஒரு தாயணுவில் (ஸ்டெம் செல்) 9, 22 ஆகிய இரு குரோமோசோம்களும் முறிந்து துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொள்ளும்போது, ஏபிஎல்1 அந்த மடக்கும் பகுதியை இழந்து, 22இல் உள்ள பிசிஆர் என்ற மரபணுவோடு சேர்ந்துவிடுகிறது. அடங்கத் தெரியாத அந்தக் கலப்பு நொதியின் தூண்டுதலில்தான் வெள்ளையணுக்கள் லட்சக்கணக்கில் பெருகுகின்றன. (பிசிஆர் என்பது பரிசோதனையின் பெயராயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு, தமிழில் எழுதினால் மரபணுவும் (BCR) பரிசோதனையும் (PCR) ஒன்றாகத் தெரிவது எங்கள் துறையின் துரதிர்ஷ்டம்.) குட்டையாகிப்போன 22ஆம் குரோமோசோமை 1960இல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு இருவரும் கண்டார்கள், அது இரு குரோமோசோம்களின் பரிமாற்றம் என்று 1973இல் காட்டியவர் ஜேனட் ரௌலி. இந்த முறிவு கருவில் வருவதன்று, பிற்பாடு மஜ்ஜையில் நேர்வது. ஆகவே பிள்ளைகளுக்குப் போகுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் என்ற அந்த மாத்திரை, இந்த நொதியில் ஏடிபி வந்து அமரும் குழியில் தான் போய் அமர்ந்துகொள்கிறது. ஏடிபிக்கு இடமில்லாததால் நொதி முடங்குகிறது. பெருகிய அணுக்கள் மடிகின்றன. ஆனால் மஜ்ஜையின் ஆழத்தில் உறங்கும் தாயணுக்களில் பல இந்த மருந்துக்குச் சாவதில்லை. மாத்திரையை நிறுத்திக் குழி காலியானால் அவற்றின் வழிவந்த அணுக்கள் மீண்டும் பெருகும். வெள்ளையணு எண்ணிக்கை இதைக் காட்டாது. ரத்தத்தில் கலப்பு மரபணுவின் அளவைக் கணக்கிடும் பிசிஆர் பரிசோதனைதான் காட்டும். அது மூன்று மாதத்தில் 10 விழுக்காட்டுக்கும், ஓராண்டில் 0.1 விழுக்காட்டுக்கும் கீழே வர வேண்டும் என்பது பொதுவான இலக்கு.

லண்டனில் 2010இல் வெளியான ஓர் ஆய்வை நோயாளிகளிடம் அடிக்கடி சொல்வேன். 87 பேரின் மாத்திரைப் புட்டி மூடியில் மின்னணுச் சில்லு பொருத்தி, மூடி திறக்கப்பட்ட நேரங்களைப் பதிவு செய்தார்கள். 90 விழுக்காட்டுக்கு மேல் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் 94.5 விழுக்காட்டினருக்கு ஆறாண்டில் அந்த 0.1 இலக்கு எட்டும் என்று கணக்கு வந்தது. அதற்குக் குறைந்தவர்களுக்கு 28.4 விழுக்காடுதான். மாதத்தில் மூன்று நாள் விடுபட்டாலே இரண்டாவது கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறோம்.

விடுபடுவதற்குக் காரணம் எப்போதும் அலட்சியமன்று. வெறும் வயிற்றில் விழுங்கிக் குமட்டிப் பயந்தவர்கள், சாப்பாட்டுக்குப் பின் ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு எடுத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடுகிறார்கள். காலையில் இமை வீங்குவதும் இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதும் தொல்லைதான். சொன்னால் வழி செய்யலாம். தோல் வெளுப்பதை மட்டும் யாரும் புகாராகச் சொல்வதில்லை, உறவினர்கள் "கலர் வந்துடுச்சே" என்று மகிழ்கிறார்கள்! செலவு முன்போல் இல்லை. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் இந்த மருந்தை உருவாக்கிய நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தை மறுத்ததும், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததும், மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற மருந்தின் மலிவான மாற்றுகள் இங்கே தொடர்ந்து கிடைக்கக் காரணம்.

ஒழுங்காகச் சாப்பிட்டும் பிசிஆர் அளவு ஏறினால், நொதியிலேயே மாற்றம் நேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 315ஆம் இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறினால் இமாட்டினிப் குழிக்குள் நுழைய முடியாது. அப்போது மருந்தையே மாற்ற வேண்டியிருக்கும். கருத்தரிக்க விரும்பும் பெண்கள் அதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்த மருந்து கருவைப் பாதிக்கக்கூடும்.

ஆகவே நிறுத்தவே முடியாதா என்றால், முடியும். பல ஆண்டு மாத்திரை சாப்பிட்டு, பிசிஆரில் கலப்பு மரபணு ஏறக்குறையக் கண்ணில் படாத நிலை தொடர்ந்து நீடித்தவர்கள், கண்காணிப்போடு நிறுத்திப் பார்க்கலாம். அவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள், அளவு மறுபடி ஏறுகிறது. உடனே தொடங்கினால் அநேகமாக எல்லோருக்கும் மீண்டும் இறங்கிவிடும். அந்த ஆறு மாதமும் மாதம் தவறாமல் பரிசோதனைக்கு வர முடியும் என்று உறுதியாகச் சொல்பவருக்கே நான் சம்மதிக்கிறேன். எட்டு மணி நேரம் பேருந்தில் வந்து போகிறவரிடம், மாத்திரையைத் தொடருங்கள் என்றுதான் சொல்கிறேன்.