மலை இறங்கும்போது காது ஏன் அடைக்கிறது? கடலில் முங்கிவிட்டு மலையேறுபவர்கள் கவனிக்க வேண்டியவை

ஊட்டியிலிருந்து கிளம்பி மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்த பிறகும் காதைத் தட்டிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய. "குளிர்காத்து காதுக்குள்ள புகுந்துடுச்சு" என்று பஞ்சை அடைத்துக்கொள்வார்கள். உண்மையில், உள்ளே போயிருக்க வேண்டிய காற்று போகாததுதான் தொல்லை. ஸ்கூபா டைவிங் முடித்தவர்கள் காது வலி என்று வரும்போதும் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுச்செவிக்கு ஒரே ஒரு காற்று வழி, மூக்கின் பின்புறத்தில் திறக்கும் யூஸ்டேஷியன் குழாய். பெரியவர்களுக்கு அது சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளம். சாதாரண நேரத்தில் மூடியே இருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசை இழுத்துத் திறக்கும். மலை ஏறும்போது உள்ளே விரியும் காற்று தானாகவே குழாயைத் தள்ளித் திறந்து வெளியேறிவிடும். "டப்" என்று கேட்பது அதுதான். இறங்கும்போது அப்படி இல்லை. வெளியே அழுத்தம் கூடக்கூட, தசை வேலை செய்து திறந்தால்தான் காற்று உள்ளே போகும். ஏறும்போது சும்மா இருந்த காது இறங்கும்போது வலிப்பதற்கு இதுவே காரணம்.

கணக்கைப் பாருங்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் காற்றழுத்தம் ஏறத்தாழ 580 மில்லிமீட்டர் பாதரசம். மேட்டுப்பாளையத்தில் ஏறத்தாழ 730. இந்த 150 வித்தியாசம் கடலில் 2 மீட்டர் ஆழத்துக்குச் சமம். வித்தியாசம் 60 அளவை எட்டினால் வலி தொடங்கும். 90 அளவை எட்டினால் குழாயின் வாய், அடைபட்ட ஸ்ட்ராவை உறிஞ்சியதுபோல் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு எத்தனை முறை விழுங்கினாலும் திறக்காது. சளியோடு ஊட்டியில் பஸ் ஏறி அசந்து தூங்கிவிட்டவர் பர்லியாறு பக்கம் விழித்தால், அந்த எல்லையைத் தாண்டியிருக்கக்கூடும். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்குபவர்களுக்கும் கணக்கு ஏறக்குறைய இதேதான்.

ஆகவே வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். அருவங்காடு தாண்டும்போதே தொடங்கிவிடுங்கள். குன்னூருக்குக் கீழேதான் சரிவு அதிகம். சுமார் 35 கிலோமீட்டருக்குள் 1,500 மீட்டர் இறங்கிவிடுகிறோம். அந்தப் பகுதியில் தூங்க வேண்டாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள், சூயிங்கம் மெல்லுங்கள், கீழ்த்தாடையை முன்னால் தள்ளிக் கொட்டாவி விடுங்கள். போதவில்லை என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்குங்கள். கடைசியாகத்தான் மூக்கையும் வாயையும் மூடி மெதுவாக ஊதுவது. அதுவும் சில விநாடிகள், கன்னம் லேசாக உப்பும் அளவுக்கு மட்டும். முக்கி ஊதினால் உட்செவியின் மெல்லிய சவ்வு கிழிந்து, தலைச்சுற்றலும் நிரந்தரமாகக் காது மந்தமும் வரலாம். மூக்கில் மஞ்சள் சளி இருக்கும்போது ஊதினால் அந்தச் சளியே நடுச்செவிக்குள் ஏறும்.

குழந்தைகளுக்குக் குழாய் குட்டையாகவும் குறுகலாகவும் கிடைமட்டமாகவும் இருக்கும். கைக்குழந்தை தூங்கினாலும் எழுப்பி, தலையை உயர்த்திப் பிடித்துப் பால் கொடுங்கள். நான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கடின மிட்டாய் வேண்டாம். வளைவில் குலுங்கும்போது தொண்டையில் சிக்கும்.

சளி பிடித்திருந்து, இறங்கியே ஆக வேண்டும் என்றால், பெரியவர்கள் கிளம்புவதற்கு அரை மணி முன்பு ஆக்ஸிமெட்டசோலின் 0.05 சதவீத மூக்குச் சொட்டு போடலாம். தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் போட்டால் மூக்கடைப்பு முன்னைவிட மோசமாகும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. நடுவழியில் காது பூட்டிக்கொண்டால், திரும்ப முடிகிற சாலையில் சில கொண்டை ஊசி வளைவுகள் மேலே போய், அங்கே விழுங்கிப் பாருங்கள். அழுத்தம் குறைந்ததும் திறக்க வாய்ப்புண்டு. சீசனில் ஒருவழிப்பாதை என்றால் திரும்ப முடியாது. வண்டியை ஓரம் கட்டி, சொட்டு போட்டு, கால் மணி நேரம் நின்று முயலுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீலகிரித் தைலம், பூண்டு காய்ச்சிய எண்ணெய் எதையும் காதில் ஊற்றாதீர்கள். கடுமையான வலி திடீரென்று நின்று காதில் ஈரமோ இரத்தமோ கசிந்தால், செவிப்பறை கிழிந்திருக்கலாம். ஊற்றியது நேராக நடுச்செவிக்குள் போகும். கிழிசல் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் தானே மூடிவிடும். அதுவரை குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு வையுங்கள், தண்ணீரில் முங்காதீர்கள். கிழியாமல் வெறும் அடைப்பு என்றால் சில நாளில் விடும்; நீர் கோத்திருந்தால் வாரக்கணக்கில் ஆகலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகுங்கள். அடைத்த காதில் சத்தம் கூடுதலாகக் கேட்டால் கோளாறு பெரும்பாலும் நடுச்செவியில். நல்ல காதில் கூடுதலாகக் கேட்டால் உட்செவி நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்போதும், தலை சுற்றினாலும், காதில் புதிதாக இரைச்சல் வந்தாலும் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். நரம்புக்கான சிகிச்சையில் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

இனி கடல். டைவிங்கில் இந்த 2 மீட்டர் ஆழம் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். கால் கீழாக, கயிற்றைப் பிடித்து இறங்கி, ஒவ்வொரு அரை மீட்டருக்கும் காதைச் சமன் செய்ய வேண்டும். முடியவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலே வர வேண்டும். சளி இருந்தால் முன்பணம் போனாலும் இறங்காதீர்கள்.

மலைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. காலையில் ராமேஸ்வரத்தில் டைவிங், இரவு கொடைக்கானலில் தங்கல் என்று திட்டம் போடுகிறார்கள். டைவிங்குக்குப் பின் உடலில் தங்கிய நைட்ரஜன், அழுத்தம் குறைந்த இடத்தில் குமிழிகளாக மாறும். ஊட்டி, கொடைக்கானல் உயரம் விமானத்துக்குள் இருக்கும் அழுத்தத்துக்குச் சமம் என்பதால் விமானத்துக்கான அதே விதிதான். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரம் கீழேயே இருங்கள். 24 என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

தண்ணீரில் இறங்கும்போதே தொடங்கிய வலி பெரும்பாலும் அழுத்தக் காயம். வெளியே வந்த பிறகோ மலையேறிய பிறகோ தலைச்சுற்றல், வாந்தி, ஒரு காது கேளாமை, மூட்டு வலி, மரமரப்பு வந்தால் குமிழி நோயைச் சந்தேகிக்க வேண்டும். அவரைப் படுக்க வைத்து, 108க்குச் சொல்லி முழு ஆக்ஸிஜன் கொடுத்தபடி சமவெளிக்கு இறக்குங்கள். மூக்கைப் பிடித்து ஊதச் சொல்லாதீர்கள். எவ்வளவு ஆழம், எத்தனை டைவ், கடைசியாக எத்தனை மணிக்குத் தண்ணீரைவிட்டு வந்தார், எத்தனை மணிக்குத் தொந்தரவு தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதி அவரோடு அனுப்புங்கள். ஆழத்தையும் நேரத்தையும் பதிவு செய்யும் டைவ் கம்ப்யூட்டர் இருந்தால் அதையும்.