பணிப்பாய்வு: சொல்லும் அதன் அறிவியல் பொருளும்

ஒரு முடிவை எட்டுவதற்குச் செய்யவேண்டிய பணிகள் எவை, அவற்றுள் எது முடிந்தபின் எது தொடங்கலாம், ஒன்றின் வெளியீடு எதற்கு உள்ளீடாகப் போகவேண்டும் என்னும் மூன்றையும் ஒருசேரக் குறிக்கும் சொல் பணிப்பாய்வு. ஆங்கிலத்தில் ‘ஒர்க்ஃப்ளோ’ என்று வழங்குவதற்கு நிகராகத் தமிழ்க் கணினி எழுத்தில் இது ஆளப்படுகிறது. அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் மேசைக்கு மேசை நகர்ந்து ஒப்புதல் பெறுவதையும் இது குறிக்கும். பல ஊர்களில் உள்ள கணினிகளில் பரவி நடக்கும் அறிவியல் கணிப்பையும் குறிக்கும். இவற்றுள் பின்னதே இங்கு விளக்கப்படுகிறது. அப்பொருளைக் கூர்மைப்படுத்தியவர்களில் முதல் வரிசையில் வைக்கத்தக்கவர் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் எவா டீல்மன் என்பதால், அவருடைய ஆய்வு வாழ்க்கையின் வழியே சொல்லை அணுகுவது பொருத்தமாக இருக்கும்.

ஆங்கிலச் சொல் கணினிக்கு முந்தியது. 1921இல் வெளிவந்த ரயில்வே பொறியியல் இதழொன்றிலேயே அது காணப்படுகிறது. தொழிற்கூடத்தில் ஒரு பொருள் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்பதை உற்றுநோக்கி வீண்நேரத்தைக் குறைக்க முயன்ற காலம் அது. பின்னர் அலுவலக மென்பொருள்கள் இச்சொல்லை எடுத்துக்கொண்டன. அவற்றுக்குப் பொது வரையறைகளை வகுக்க 1993இல் பணிப்பாய்வு மேலாண்மைக் கூட்டமைப்பு உருவாயிற்று. இந்த வழக்குகளில் பாய்வது பொருளோ ஆவணமோ பொறுப்போ ஆகும். பணியைச் செய்பவர் பெரும்பாலும் மனிதர்.

அறிவியல் கணிப்பில் நிலைமை வேறு. அங்கே பணி என்பது ஒரு நிரல், பாய்வது தரவு. வானியலாளர்கள் பயன்படுத்தும் ‘மாண்டேஜ்’ மென்பொருளை எடுத்துக்கொள்வோம். தொலைநோக்கி தனித்தனியாக எடுத்த வானப் படங்களை இணைத்து ஒரே பெரும்படமாக்குவது அதன் வேலை. முதலில் ஒவ்வொரு படமும் பொதுவான ஒரு வானத்தளத்துக்கு மாற்றி வரையப்படும். ஒரு படம் மற்றொன்றுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதால், ஆயிரம் படங்கள் இருந்தால் ஆயிரம் பணிகளும் ஒரே நேரத்தில் நடக்கலாம். அடுத்து, ஒன்றன்மேல் ஒன்று படியும் இரண்டிரண்டு படங்களுக்கு இடையே பின்புல ஒளியில் உள்ள வேறுபாடு கணிக்கப்படும். அந்த வேறுபாடுகள் எல்லாம் வந்துசேர்ந்த பிறகே எந்தப் படத்தை எவ்வளவு திருத்துவது என்று முடிவு செய்ய முடியும். இங்கே அனைத்தும் ஒரு புள்ளியில் காத்திருக்கின்றன. முடிவு கிடைத்ததும் திருத்தம் மீண்டும் ஆயிரமாகக் கிளைக்கிறது. இறுதியில் எல்லாம் கூடி ஒரு படமாகின்றன. விரிதல், குவிதல், மீண்டும் விரிதல், மீண்டும் குவிதல் என்னும் இந்த அமைப்பைக் கணினி அறிவியல், பணிகளைப் புள்ளிகளாகவும் எதற்குப் பின் எது என்பதை அம்புகளாகவும் காட்டும் திசையுள்ள சுற்றிலா வரைபடமாக எழுதும். சுற்று இருக்கக்கூடாது என்பதற்குக் காரணம் எளிது: ‘அ’ முடிய ‘ஆ’ வேண்டும், ‘ஆ’ முடிய ‘அ’ வேண்டும் என்றால் இரண்டுமே தொடங்கா.

டீல்மன் 1997இல் நியூயார்க் மாநிலத்தின் ரென்சலேர் பாலிடெக்னிக் கல்விநிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அக்காலத்தில் அவர் ஈடுபட்டிருந்த கணிப்புகளுள் ஒன்று, உண்ணிகள் பரப்பும் லைம் நோயின் பரவலைப் பற்றியது. உண்ணிகளும் எலிகளும் வாழும் நிலப்பரப்பைப் பகுதிகளாகப் பிரித்துப் பல செயலிகளிடம் (கணினியில் கணிப்பைச் செய்யும் வன்பொருள்களிடம்) ஒப்படைத்தால், ஒரு பகுதியில் நிகழ்வுகள் குவியும், இன்னொன்று வெறிச்சோடிக் கிடக்கும். ஒரு செயலி திணற மற்றொன்று சும்மா இருக்கும். சுமையை எப்படிச் சமன்செய்வது, எங்கே எதை இயக்குவது என்னும் அந்தக் கேள்வியே பின்னாளில் அவருடைய வாழ்நாள் ஆய்வாக விரிந்தது என்று நான் கருதுகிறேன்.

2000இல் அவர் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். தொலைதூரக் கணினிக்கூடங்களை இணைத்து ஒரே வளமாகப் பயன்படுத்தும் கட்டக் கணிமை (ஆங்கிலத்தில் ‘கிரிட்’ கணிமை) என்னும் கருத்தைக் கணினி அறிவியலாளர்களான இயன் ஃபாஸ்டரும் கார்ல் கெசல்மனும் பரப்பிவந்த காலம் அது. கெசல்மன் அதே நிறுவனத்தில் இருந்தார். இயற்பியல் ஆய்வுகளின் தரவை இவ்வாறு கையாள்வதற்கான கூட்டுத்திட்டம் ஒன்றின் பகுதியாக, 2001இல் டீல்மன் தலைமையில் ‘பெகாசஸ்’ என்னும் பணிப்பாய்வு மென்பொருள் தொடங்கியது. கட்டங்களில் செயற்படுத்துவதற்கான திட்டமிடல் என்று பொருள்தரும் ஆங்கிலத் தொடரிலிருந்து அப்பெயர் அமைந்தது. திட்டமிடல் என்னும் சொல் அங்கே அலங்காரமாக வரவில்லை. செயற்கை நுண்ணறிவின் திட்டமிடல் முறைகளைத் தொடக்கப் பதிப்புகளில் அவர்கள் உண்மையாகவே பயன்படுத்திப் பார்த்தனர்.

பெகாசஸின் உயிர்நாடியான கருத்து ஒன்றுதான்: அறிவியலாளர் எழுதும் பணிப்பாய்வில் எந்தக் கணினியின் பெயரும் இருக்கக்கூடாது. என்ன செய்யவேண்டும், எதற்குப் பின் எது என்று மட்டும் அவர் எழுதுவார். அதைக் கருத்துநிலைப் பணிப்பாய்வு எனலாம். அதை வாங்கி, அன்றைக்குக் கிடைக்கும் கணினிகளைப் பார்த்து, தரவுக் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று தேடி, இயக்குநிலைப் பணிப்பாய்வாக மாற்றுவது மென்பொருளின் பொறுப்பு. அறிவியலாளர் எழுதாத பணிகள் அப்போது உள்ளே சேர்கின்றன: உள்ளீட்டுக் கோப்பை இயங்குமிடத்துக்குக் கொண்டுசெல்லல், வெளியீட்டைத் திரும்பக் கொணர்தல், தேவையற்றதை அழித்து இடம் விடுவித்தல். முன்பே கணித்த விளைவு கையில் இருந்தால், அதற்கான பணிகள் நீக்கப்படுகின்றன. இவ்வாறு ஆயத்தமான வரைபடத்தை நடத்திச் செல்வது, விஸ்கான்சின்–மாடிசன் பல்கலைக்கழகத்தில் மிரான் லிவ்னியின் குழு உருவாக்கிய ‘காண்டர்’ (இன்றைய பெயர் ‘எச்டிகாண்டர்’) அமைப்பு. ஒரு பணி தோற்றால் மீண்டும் முயலும். அப்படியும் தோற்றால், முடிந்தவை எவை என்று குறித்துவைத்து, விட்ட இடத்திலிருந்து தொடர வழிசெய்யும். ஆயிரக்கணக்கான பணிகளுள் ஏதாவது ஒன்று தோற்பது அன்றாட நிகழ்வு என்பதால் இந்த ஏற்பாடு இன்றியமையாதது.

இதன் பயன் எத்தகையது என்பதை, வெளியில் அதிர்வாகப் பரவும் ஈர்ப்பலையின் கண்டுபிடிப்பு காட்டியது. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் ஹான்ஃபோர்டிலும் லிவிங்ஸ்டனிலும் ஈர்ப்பலையை உணர்வதற்காக அமைந்துள்ள லைகோ கருவிகள் பதிவுசெய்த குறிகை, இரண்டு கருந்துளைகளின் இணைவிலிருந்து வந்தது என 2016 பிப்ரவரி 11இல் அறிவிக்கப்பட்டது. அக்குறிகையை ஆராய்ந்த கணிப்புகளுள் ஒன்றான ‘பைசிபிசி’ பெகாசஸ் வழியே இயங்கியது. ஏறத்தாழ 2,50,000 மாதிரி அலைவடிவங்களோடு பதிவுகள் ஒப்பிடப்பட்டன. அதோடு வேலை தீரவில்லை. இரண்டு கருவிகளிலும் தற்செயலாக ஒத்த இரைச்சல் எத்தனை முறை எழக்கூடும் என்று அறிய, ஒரு கருவியின் பதிவை மற்றதற்கு எதிரே 0.1 விநாடி அளவில் மீண்டும் மீண்டும் நகர்த்திப் பார்த்தனர். ஈர்ப்பலை இரண்டு இடங்களுக்கும் இடையே கடக்க 0.01 விநாடி போதும் என்பதால், நகர்த்திய பதிவுகளில் தென்படும் ஒற்றுமை எதுவும் உண்மையானதாக இருக்க முடியாது. அத்தகைய போலி ஒற்றுமை 2,03,000 ஆண்டுகளில் ஒரு முறைக்கும் குறைவாகவே நேரும் என்ற முடிவு இப்படித்தான் கிடைத்தது. எந்த விளைவு எந்த உள்ளீட்டிலிருந்து, எந்த நிரலால், எந்தக் கணினியில் பிறந்தது என்ற பதிவும் பணிப்பாய்வுடன் சேர்ந்தே உருவாகிறது. அதை மூலத்தடம் எனலாம்; மறுபடி சரிபார்க்க விரும்புபவருக்கு அது இல்லாமல் ஆகாது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். பணி பாய்வதில்லை, தரவுதானே பாய்கிறது, ஆகவே பணிப்பாய்வு பிழையான மொழிபெயர்ப்பு என்று வாதிடலாம். தமிழ் இலக்கணம் அந்த வாதத்துக்கு இடம் தரவில்லை. தயிர்க்குடம் என்பது தயிரை உடைய குடம். உருபும் அதன் பொருளை விளக்கும் சொல்லும் மறைந்து நிற்கின்றன. அவ்வாறே பணிப்பாய்வு என்பதைப் பணிகளை இணைக்கும் பாய்வு என்று விரிக்கலாம். இடையே பகர ஒற்று மிகுவதும் இந்த விரிவுக்கு ஒத்தே வருகிறது. எனவே ‘பணி பாய்வு’ என்று ஒற்றின்றிப் பிரித்து எழுதுவதைத் தவிர்க்கவேண்டும். பணியோட்டம் என்பதும் அழகிய சொல்லே. ஆனால் ஒரு பணிப்பாய்வை ஒருமுறை இயக்கி முடிப்பதைக் குறிக்க இத்துறைக்கு ஓட்டம் என்னும் சொல் தனியே தேவைப்படுகிறது. ‘பணியோட்டத்தின் மூன்றாம் ஓட்டம்’ என்று எழுத நேர்ந்தால் படிப்பவர் தடுமாறுவார்.

பணி, வேலை என்னும் இரண்டையும் வேறுபடுத்தி ஆள்வதும் நல்லது. பெகாசஸ் வழக்கில் அறிவியலாளர் எழுதிய சிறு அலகு ஒன்று. கணினியிடம் ஒப்படைக்கப்படும் அலகு மற்றொன்று. முன்னதில் பலவற்றைக் கூட்டிப் பின்னதில் ஒன்றாக அனுப்புவது வழக்கம், ஏனெனில் சில விநாடிகளே ஓடும் அலகுகளைத் தனித்தனியே வரிசையில் நிறுத்தினால் காத்திருப்பே மிகும். முன்னதைப் பணி என்றும் பின்னதை வேலை என்றும் குறித்தால், பணிப்பாய்வு என்ற பெயர் அறிவியலாளர் எழுதிய வடிவத்தோடு நேராகப் பொருந்துகிறது.