பிரதியா, பாடமா?

புதுச்சேரியில் நாடகம் முடிந்ததும் கலந்துரையாடல் தொடங்கும். ‘இந்தப் பிரதி அதிகாரத்தைக் கேள்வி கேட்கிறது’ என்பார் ஒருவர். எந்தப் பிரதி? எழுதிவைத்த தாளா, சற்றுமுன் கண்ணெதிரே நடந்ததா? கேட்டால், ‘நிகழ்த்துப் பிரதி’ என்று பதில் வரும். அதாவது மேடையில் நடப்பதும் ஒரு பிரதியாம்.

நாடக ‘ஸ்கிரிப்ட்’டைத்தான் தமிழில் ‘பிரதி’ என்கிறார்கள். ஸ்கிரிப்ட் என்பதன் லத்தீன் வேருக்கு ‘எழுதப்பட்டது’ என்று பொருள். அவ்வளவுதான். பிரதி வடசொல், நம் வழக்கில் நகல், படி. ‘ஆயிரம் பிரதி அச்சிட்டோம்’ என்கிறோமே, அதுதான். வடசொல் என்பதால் நான் அதைத் தள்ளவில்லை. நாடகம் என்பதையும் வடசொல் என்பார்கள். தொல்காப்பியத்திலேயே ‘நாடக வழக்கு’ இருக்கிறது. என் வாதம் பொருள் பற்றியது. நிகழ்வை நகல் என்றால் அதற்கு மூலம் தாள் என்றாகிவிடும்.

இந்த ஊரில் அப்படிச் சொல்லலாமா? நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தது இங்கே. சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. அவருடைய வள்ளி திருமணத்தை ஒரே அமர்வில் வாசித்துவிடலாம். மேடையிலோ வள்ளிக்கும் முருகனுக்கும் நடக்கும் தர்க்கம், நடிகர்களின் வாய்த்திறத்தைப் பொறுத்து நீண்டுகொண்டே போகும். அதில் பெரும்பகுதி எந்தத் தாளிலும் கிடையாது. கடலூர்ப் பக்கத்துத் தெருக்கூத்தைப் பாருங்கள். ‘துரியோதனன் வருகிறான்’ என்பது ஏட்டில் ஒரு வரி. களத்திலோ இரண்டு பேர் துணியைத் திரையாகப் பிடிக்க, பின்னால் கிரீடம் மட்டும் தெரிய, பாட்டும் ஆட்டமுமாக வேஷம் நின்று விளையாடும். மத்தளமும் முகவீணையும் உச்சத்துக்குப் போன பிறகே திரை விலகும். வாசித்தவருக்கு வரவு ஒரு செய்தி. விடிய விடிய உட்கார்ந்தவருக்கு அது உடம்பில் ஏறிய தாளம். இதை நகல் என்பது அநியாயம்.

இலங்கைத் தமிழர் ‘எழுத்துரு’ என்கிறார்கள். நல்ல சொல், ஆனால் இங்கே கணினி அதை ‘ஃபாண்ட்’ என்ற பொருளில் எடுத்துக்கொண்டுவிட்டது. ‘பனுவல்’ அழகானது, நன்னூல் அதைப் பஞ்சில் நூற்ற இழையாகக் காட்டுகிறது. ஆனால் குறளும் பனுவல், நிகண்டும் பனுவல்; நாடகத்துக்கு உரியதைத் தனித்துக் காட்டாது.

நடிகர்களைக் கேளுங்கள். ‘பாடம் ஏறிடுச்சா?’ என்பார்கள். மனப்பாடம் செய்து உடம்பால் ஆட வேண்டியது என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆகவே ஒத்திகையில் இருப்பது நாடகப் பாடம், அச்சில் வந்தால் நாடக நூல், மேடையில் நடப்பது ஆட்டம் அல்லது நிகழ்வு. கோட்பாட்டு நூல்களை மொழிபெயர்ப்பவர்கள் ஒத்திகைக் கூடத்துக்கு ஒருமுறை வந்திருந்தால் ‘நிகழ்த்துப் பிரதி’ பிறந்தே இருக்காது.