டை-இன் நாவல்: வழிநூலா, சார்புநூலா?

தொலைக்காட்சித் தொடரிலோ திரைப்படத்திலோ வீடியோ கேமிலோ ஏற்கெனவே உலவும் கதைமாந்தரை வைத்து, உரிமைதாரரின் அனுமதியோடு எழுதப்படும் நாவலை ஆங்கிலப் பதிப்பாளர்கள் ‘டை-இன்’ என்கிறார்கள். டை என்றால் கட்டு, முடிச்சு. ஒரு சரக்கின் விற்பனையை இன்னொன்றின் பெயரோடு முடிந்துவிடுவதைக் குறிக்கும் விளம்பரத் துறைச் சொல் இது. அனுமதி இல்லாமல் ஆர்வத்தில் எழுதினால் அது ரசிகர் புனைவு, கணக்கு வேறு.

மௌனப்படக் காலத்திலேயே படத்தின் புகைப்படங்களைச் சேர்த்து இப்படி நாவல்கள் விற்றிருக்கிறார்கள். ‘கிங் காங்’ நாவல் 1932 டிசம்பரில் வந்தது. படம் வந்ததோ 1933 மார்ச்சில். ‘ஸ்டார் வார்ஸ்’ நாவலும் படத்தை முந்திக்கொண்டு 1976 இறுதியில் கடைக்கு வந்துவிட்டது. அட்டையில் ஜார்ஜ் லூகாஸ் பெயர். எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். நம் கொட்டகைகளில் விற்ற பாட்டுப் புத்தகம் கதையைப் பாதியில் நிறுத்தி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று கைவிரிக்கும். இவர்கள் முடிவையும் சேர்த்தே விற்றார்கள்.

இந்த வகையின் இரண்டு முகங்களையும் பார்க்க, காலப் பயணியை நாயகனாகக் கொண்ட பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடர் போதும். 1967இல் ஒளிபரப்பான ‘தி அண்டர்வாட்டர் மெனஸ்’ கதையில் டாக்டரும் தோழர்களும் கடலுக்கடியில் இருக்கும் அட்லாண்டிஸுக்குப் போய்ச் சேர்கிறார்கள். மூழ்கிய நாட்டை மேலே தூக்கித் தருகிறேன் என்று மக்களை நம்பவைத்துவிட்டு, உலகத்தையே வெடிக்கவைக்கத் திட்டமிடும் ஒரு பேராசிரியர்தான் வில்லன். அந்தக் காலத்தில் பிபிசி பழைய ஒளிநாடாக்களை அழித்துவிடும். நைஜல் ராபின்சன் 1988இல் இதை நாவலாக்கியபோது நான்கு பகுதிகளில் ஒன்றுதான் படமாகக் கைவசம் இருந்தது; இன்னொன்று 2011இல் கிடைத்தது. காணாமல்போன நாகரிகத்தைப் பற்றிய நாடகமே காணாமல்போக, கதையை முழுதாகச் சொல்லப் புத்தகம் வேண்டியிருந்தது. டை-இன் என்றாலே மட்டமான சரக்கு என்று முகம் சுளிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மற்ற முகம் வேறு மாதிரி. தொடர் 1989இல் நின்றுபோனது. 1991இல் ஜான் பீல் எழுதிய ‘டைம்விர்ம்: ஜெனசிஸ்’ டாக்டரைப் பழைய மெசபடோமியாவுக்குக் கூட்டிப்போய் அந்நாட்டுக் காப்பிய நாயகனான மன்னன் கில்கமெஷின் முன்னால் நிறுத்தியது. எந்த ஒளிபரப்பிலும் வராத புதுக்கதை. நாயகன் தொடருடையவன், கதை எழுத்தாளருடையது.

ஆங்கிலம் இரண்டையும் டை-இன் என்ற ஒரே முடிச்சில் போடுகிறது. திரையில் வந்ததை அப்படியே நாவலாக்குவதற்கு மட்டும் ‘நாவலைசேஷன்’ என்று தனிப்பெயர் உண்டு. தமிழில் ‘இணைப்பு நாவல்’ என்றால் வார இதழோடு இலவசமாகத் தருவது நினைவுக்கு வரும். ‘கிளைக்கதை’ பெரிய காப்பியத்துக்குள்ளேயே வரும் நளன் கதை போன்றதற்கு ஆகிவந்த சொல்.

‘முதல்வழி சார்பென நூல்மூன் றாகும்’ என்கிறது நன்னூல். முன்னோர் நூலின் முடிவோடு முழுதும் ஒத்து, பின்னவன் விரும்பும் வேறுபாடுகளைச் சேர்த்துச் சொல்வது வழிநூல். ராபின்சன் செய்தது கிட்டத்தட்ட அதுதான். சார்புநூலைப் புடைநூல் என்றும் சொல்லி, ‘இருவர் நூற்கும் ஒருசிறை தொடங்கித் திரிபுவேறு உடையது’ என்று இலக்கணம் வகுக்கிறார் பவணந்தி. முதல்நூல், வழிநூல் இரண்டிலும் ஒரு பகுதியை மட்டும் ஒத்து, மற்றதில் வேறுபடுவது என்று பொருள். பீலின் நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்காது. பவணந்தி இலக்கண நூல்களை மனத்தில் வைத்துச் சொன்னதைக் கதைக்கு நீட்டுவது கொஞ்சம் துணிச்சல்தான். ஆனாலும் நீட்டினால் கிழியவில்லை.

ஆகவே திரைக்கதையைத் தழுவி எழுதியது வழிநாவல். அதே உலகில் புதுக்கதை சொல்வது சார்புநாவல். இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘திரைசார் நாவல்’ எனலாம். வீடியோ கேமும் திரையில் ஆடுவதுதானே. உரிமை ஒப்பந்தம், விற்பனைப் பேச்சு என்று வரும்போது டை-இன் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.