நல்லா சூடு பண்ணித்தான் சாப்பிட்டேன், டாக்டர்: மீந்த நூடுல்ஸும் மோமோவும்

வாந்தியும் வயிற்றுவலியுமாக வருகிறவர்களிடம் கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்போம். முந்தைய நாள் மீந்த நூடுல்ஸ் என்றோ மோமோ என்றோ பதில் வந்தால், அதன் பின்னாலேயே இன்னொன்றும் வரும்: "ஆனா நல்லா சூடு பண்ணித்தான் சாப்பிட்டேன், டாக்டர்." அவர்கள் சொல்வது உண்மைதான். ஆவி பறக்கச் சூடாக்கியிருப்பார்கள். நான் அடுத்துக் கேட்பது அடுப்பைப் பற்றி இருக்காது. சமைத்து இறக்கியதிலிருந்து ஃபிரிட்ஜுக்குள் போகும்வரை அந்த உணவு எங்கே இருந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்பேன். "ராத்திரி முழுக்க மூடி வெளியிலேயே இருந்தது" என்பார்கள் பலர். அதற்கு மேல் விசாரிக்க அதிகம் இருக்காது.

சூடாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. மீதிப் பாதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரணம் புரிந்தவர்கள்தான் பழக்கத்தை மாற்றிக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம்.

மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்று உண்டு, பேசில்லஸ் சீரியஸ் என்று பெயர். மண்ணிலிருந்து தானியத்துக்கும், தானியத்திலிருந்து மாவுக்கும், மாவிலிருந்து நூடுல்ஸுக்கும் மோமோவின் மேல்தோலுக்கும் அது சாதாரணமாக வந்து சேரும். நூடுல்ஸை வேக வைக்கும்போது உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கும் பாக்டீரியாக்கள் செத்துவிடும். ஆனால் இது ஸ்போர் என்ற உறக்க நிலைக்குப் போகக்கூடிய வகை. கெட்டியான உறை போர்த்திய அந்த ஸ்போர், கொதிநீரையும் தாங்கும். அப்புறம் உணவு மெல்ல ஆறி வெதுவெதுப்பான நிலைக்கு வரும்போது விழித்துக்கொண்டு பெருகத் தொடங்கும். சூழல் தோதாக இருந்தால் அரை மணி நேரத்துக்குள் ஒன்று இரண்டாகிவிடும். ஒரு இரவு என்பது அதற்கு மிக நீண்ட அவகாசம்.

பெருகுவதோடு நிற்காமல், இதில் சில ரகங்கள் செருலைட் என்ற நஞ்சை உணவிலேயே உண்டாக்கி வைக்கின்றன. இந்த நஞ்சு 121 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் சிதையாது. பிரஷர் குக்கருக்குள் எட்டுகிற வெப்பமே ஏறத்தாழ அவ்வளவுதான். வயிற்றில் சுரக்கும் அமிலமும் அதை ஒன்றும் செய்வதில்லை. ஆக, காலையில் நீங்கள் எவ்வளவு மும்முரமாகச் சூடாக்கினாலும் பாக்டீரியா சாகும், அது விட்டுப்போன நஞ்சு அப்படியே தட்டுக்கு வரும். வாசனை மாறியிருக்காது, ருசி மாறியிருக்காது, நூலும் விட்டிருக்காது. முகர்ந்து பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதை நான் சோதனையாக ஏற்றுக்கொள்வதே இல்லை.

பெரும்பாலானவர்களுக்கு இந்த வாந்தி ஒரே நாளில் அடங்கிவிடும். மோசமாவது அரிது. ஆனாலும் மருத்துவ இதழ்களில் பதிவான ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2008இல் பெல்ஜியத்தில் 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாளுக்கு முன் செய்து சமையலறையில் வெளியிலேயே வைத்திருந்த ஸ்பகெட்டியை மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட்டார். சாப்பிட்ட அரை மணியிலேயே தலைவலி, வயிற்றுவலி, குமட்டல். பல மணி நேரம் வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கப் போனவர், மறுநாள் காலை எழுந்திருக்கவில்லை. அவருடைய கல்லீரல் செல்கள் அழிந்திருந்தன. மீந்த ஸ்பகெட்டியைப் பரிசோதித்தபோது அதில் பேசில்லஸ் சீரியஸ் ஏராளமாக இருந்தது. அதே நாட்டில் 2003இல் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஐந்து பேர், சில நாள் முன் செய்த பாஸ்தா சாலட்டைச் சாப்பிட்டார்கள். ஏழு வயதுச் சிறுமி இறந்துபோனாள். அந்த உணவு ஃபிரிட்ஜில்தான் இருந்தது. ஆனால் அந்த ஃபிரிட்ஜின் உள்வெப்பம் 14 டிகிரி.

இந்த 14 டிகிரி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஃபிரிட்ஜில் வைத்தேன் என்று சொல்பவர்களில் பலருக்குத் தங்கள் ஃபிரிட்ஜ் எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று தெரியாது. 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். கதவில் தெரியும் எண்ணை நம்பாமல், சிறிய தெர்மாமீட்டர் ஒன்றை நடுத்தட்டில் ஒரு தம்ளர் தண்ணீருக்குள் வைத்து, மறுநாள் காலையில் பாருங்கள். காற்று புக இடமில்லாமல் அடைத்து வைத்த ஃபிரிட்ஜிலும், ரப்பர் தளர்ந்த ஃபிரிட்ஜிலும் எண் மேலே போவது சகஜம்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதுதான்: சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் உள்ள பகுதி ஆபத்தானது. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் இரண்டு மணி நேரத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எப்போது தொடங்குகிறது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வாங்கி வந்த உணவென்றால், அது உங்கள் கைக்கு வருவதற்கு முன் வண்டியில் வந்த நேரமும் சேர்த்தி. சாப்பிட்டு முடித்துக் கதை பேசிய நேரமும் சேர்த்தி. மேலே எண்ணெய் பிசறியிருப்பதும் சாஸ் ஊற்றியிருப்பதும் எந்தப் பாதுகாப்பும் தராது.

"சூடாக ஃபிரிட்ஜில் வைத்தால் கெட்டுவிடும், முழுசாக ஆறட்டும்" என்ற எண்ணம் நிறைய வீடுகளில் உண்டு. ஆவி அடங்கினால் போதும், உள்ளே வைத்துவிடலாம். ஒரு பெரிய பாத்திரத்தை அப்படியே தூக்கி வைப்பதுதான் தப்பு. நடுப்பகுதி குளிர்வதற்கு மணிக்கணக்காகும். இரண்டு அங்குலத்துக்கு மேல் உயரம் போகாதபடி அகலமான டப்பாக்களில் பரப்புங்கள். சூப் நூடுல்ஸ் என்றால் நூடுல்ஸைத் தனியாகவும் சூப்பைத் தனியாகவும் எடுத்து வையுங்கள். சூப் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் கிளறினால் சீக்கிரம் ஆறும். மோமோக்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல் ஒரே வரிசையாக வையுங்கள், ஒட்டவும் ஒட்டாது.

இப்படிச் சரியாகக் குளிர்வித்த உணவு என்றால்தான் சூடாக்குவதைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது. அறை வெப்பத்தில் இரவு முழுக்கக் கிடந்ததை எப்படிச் சூடாக்கினாலும் சரி, அதை நான் சாப்பிடச் சொல்ல மாட்டேன்.

சூடாக்கும்போது நடுப்பகுதி 70 டிகிரியைத் தாண்ட வேண்டும். 74 என்று வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. ஃபிரிட்ஜில் இருந்த நூடுல்ஸ் விறைத்துக் கட்டியாகியிருக்கும். அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. குளிரில் மாவுச்சத்து மீண்டும் இறுகிக்கொள்வதால் அப்படி ஆகிறது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் இளகிவிடும். வாணலியில் இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடி, ஆவி நன்றாகக் கிளம்பிய பிறகு பிரித்துவிட்டுக் கிளறினால் போதும். வெறும் நூடுல்ஸ் என்றால் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுக்கலாம். சூப்பைத் தனியாகக் கொதிக்கவிட்டுச் சேருங்கள்.

மோமோவில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். தோல் மெல்லியது, சீக்கிரம் சூடாகிக் கையைச் சுடும். உள்ளே பூரணம் இறுக்கமாக, குளிர்ச்சியாகவே இருக்கும். இறைச்சி வைத்த பூரணத்தில் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற இன்னொரு பாக்டீரியா வளரும். அதுவும் ஸ்போர் போடும் வகைதான், வெதுவெதுப்பான இறைச்சியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் அளவுக்கு வேகமானது. ஆனால் இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. உயிரோடு வயிற்றுக்குள் போனால்தான் இது நஞ்சைச் சுரக்கும். ஆகவே நடுப்பகுதி வரை முழுதாகச் சூடாக்குவது இங்கே உண்மையாகவே காப்பாற்றும். அரைகுறையாக வெதுவெதுப்பாக்குவதோ அதற்கு இன்னொரு வாய்ப்பைக் கொடுப்பதுபோல் ஆகும்.

அதனால் மோமோவுக்கு ஆவியே சிறந்தது. தண்ணீர் கொதித்த பிறகு உள்ளே வைத்து, மூடி, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது என்றால் ஏழெட்டு நிமிடம் விடுங்கள். வேக வைத்தபின் உறைய வைத்தது என்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். மொறுமொறுப்பாக வேண்டுமென்றால் தட்டைக் கல்லில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடி வைத்து, தண்ணீர் வற்றியபின் எண்ணெய் விட்டு முறுக விடலாம். முதலிலேயே எண்ணெயில் போட்டால் தோல் கருகும், நடு குளிர்ந்தே இருக்கும். இருப்பதிலேயே பெரிய மோமோவைப் பிளந்து பாருங்கள். நடுவிலிருந்து ஆவி வர வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. குழந்தைகளுக்கு மட்டும் பிளந்து ஆறவிட்டுக் கொடுங்கள். உள்ளே தேங்கிய சாறு வாயைப் பொசுக்கிவிடும்.

மைக்ரோவேவ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் அலைகள் உணவுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் நேரடியாக ஊடுருவும். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் விழாது. ஓரத்தில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஜில்லென்று இருப்பது அதனால்தான். தண்ணீர் தெளித்து, ஆவி போக இடைவெளி விட்டு மூடி, பாதி நேரத்தில் வெளியே எடுத்து நூடுல்ஸைக் கிளறுங்கள், மோமோவைத் திருப்பிப் போடுங்கள். முடிந்ததும் இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள், வெப்பம் உள்ளே பரவும். கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம் நல்லது. மெலமைன் தட்டு கூடாது. உணவு வந்த பிளாஸ்டிக் டப்பாவில் மைக்ரோவேவுக்கு உகந்தது என்ற குறி இல்லையென்றால் அதிலும் கூடாது.

சாப்பிடப் போகும் அளவை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள், அதுவும் ஒரே ஒரு முறை. ஒவ்வொரு தடவை சூடாக்கி ஆறவிடும்போதும் அந்த ஆபத்தான வெப்பப் பகுதியை உணவு இரண்டு முறை கடக்கிறது. எத்தனை நாள் வைக்கலாம் என்பதில் நாட்டுக்கு நாடு வழிகாட்டல் மாறுகிறது. பிரிட்டனில் இரண்டு நாள் என்கிறார்கள், அமெரிக்காவில் மூன்று நாலு நாள் என்கிறார்கள். இறைச்சியோ மீனோ இறாலோ சேர்ந்த மோமோ என்றால் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் செய்த அன்றே மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் போடுங்கள். ஃப்ரீசர் வளர்ச்சியை நிறுத்தும், ஏற்கெனவே உருவான நஞ்சை அழிக்காது.

கையால் தொடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாக வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸும் சூட்டில் எளிதில் அழியாத நஞ்சைத்தான் உண்டாக்குகிறது. மீந்ததை எடுத்து வைக்கச் சுத்தமான கரண்டி போதும். விரலில் புண்ணோ வெட்டோ இருப்பவர் அந்த வேலையை இன்னொருவரிடம் விடுவது நல்லது.

எனக்கு மிகவும் கவலை தருவது குழந்தைகளின் மதிய உணவு டப்பா. காலையில் நூடுல்ஸைச் சூடாக்கி, வெதுவெதுப்பாக டப்பாவில் அடைத்து, நாலைந்து மணி நேரம் கழித்துக் குழந்தை சாப்பிடுகிறது. பாக்டீரியா வளர்ப்பதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. ஒன்று, கொதிநீர் ஊற்றி முன்பே சூடேற்றிய நல்ல வெப்பக் குடுவையில் கொதிக்கும் சூட்டோடு அடைத்து, 60 டிகிரிக்கு மேலேயே இருக்கும்படி செய்யுங்கள். இல்லையென்றால் குளிர்ந்த நிலையிலேயே ஐஸ் பையோடு அனுப்புங்கள். இரண்டும் முடியாத நாளில் வேறு உணவு கொடுத்தனுப்புங்கள்.

கர்ப்பிணிகள், முதியவர்கள், கைக்குழந்தைகள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் விஷயத்தில் நான் சற்றுக் கண்டிப்பாகவே இருப்பேன். ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரக்கூடிய லிஸ்டீரியா என்ற பாக்டீரியா வயிற்றிலிருக்கும் சிசுவையே பறிக்கக்கூடியது. சூடு அதைக் கொல்லும். அதனால் இவர்கள் மீந்த மோமோவைக் குளிர்ந்தபடியே கடிப்பது கூடவே கூடாது.

சாப்பிட்டபின் வாந்தி வந்துவிட்டால், எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதைக் கவனியுங்கள். அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் என்றால் பெரும்பாலும் உணவிலேயே இருந்த நஞ்சுதான் காரணம். இதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது, வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஓஆர்எஸ் பொட்டலத்தில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து, மடமடவென்று குடிக்காமல் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் வெளியே வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, காய்ச்சல் ஏறினாலோ, கண் மஞ்சளானாலோ, ஆள் சோர்ந்து தூங்கித் தூங்கி விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ காலைவரை காத்திருக்காதீர்கள். இரவானாலும் கிளம்புங்கள். "தூங்கட்டும், காலையில் பார்க்கலாம்" என்று விடுவது இந்த நஞ்சில் சரிப்படாது.

மருத்துவமனைக்கு வரும்போது உணவு எப்போது சமைத்தது, எவ்வளவு நேரம் வெளியே இருந்தது, எப்போது சாப்பிட்டது, முதல் வாந்தி எத்தனை மணிக்கு என்ற நாலையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தால் எங்களுக்குப் பெரிய உதவி. மீதி உணவை உடனே குப்பையில் கொட்டிவிடாதீர்கள். பரிசோதனைக்குத் தேவைப்படலாம். ஒரு டப்பாவில் போட்டு இறுக மூடி, யாரும் தெரியாமல் எடுத்துச் சாப்பிட்டுவிடாதபடி மேலே எழுதி ஒட்டி, ஃபிரிட்ஜில் வையுங்கள்.